காருக்கு ஏன் இந்தப் பசி?

பழைய கார் பெட்ரோலைக் குடிக்கிறது, பிக்கப் இல்லை என்றதும் என்ஜினைப் பிரிக்கவோ வண்டியை விற்கவோ முடிவெடுத்துவிடுகிறோம். அதற்கு முன்னால், அந்த என்ஜினுக்குச் சேதி சொல்லும் சென்சார்களை ஒருமுறை விசாரிக்க வேண்டும்.

அக்னி நட்சத்திரம் தொடங்கி நாலு நாள் ஆகியிருந்தது. திருச்சியில் காலை பத்து மணிக்கே ரோட்டுத் தார் இளகிக் கிடந்தது. தகரக் கொட்டகைக்குக் கீழே நின்ற எங்கள் காரின் டாஷ்போர்டுக்கு அடியில் ஸ்கேனரைச் செருகிய மெக்கானிக், திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திருப்பினார். என்ஜின் தண்ணீரின் சூடு என்ற இடத்தில் 24 டிகிரி என்று இருந்தது.

"ஊரே வெந்துகிட்டு இருக்கு சார். உங்க வண்டி மட்டும் குளிருதுன்னு சொல்லுது பாருங்க."

அரை மணி நேரம் ஓடி வந்த என்ஜின் அது. ரேடியேட்டர் ஓஸில் கை வைக்க முடியவில்லை. டாஷ்போர்டு மீட்டரில் சூடு காட்டும் முள் வழக்கம்போல நடுவில் நின்றது. ஆனால் எவ்வளவு பெட்ரோல் ஊற்றுவது என்று முடிவெடுக்கும் கம்ப்யூட்டருக்கு மட்டும், என்ஜின் இன்னும் விடியற்காலைக் குளிரில் கிடப்பதாகச் சேதி போய்க்கொண்டிருந்தது. குளிர்ந்த என்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். கம்ப்யூட்டர் தன் கடமையைச் சரியாகச் செய்து, நாள் முழுக்க அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தது.

அது 2003 மாடல் கார். அப்பா ஓய்வு பெற்ற பணத்தில் வாங்கியது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்த வண்டி, ஒரே வருடத்தில் 9-க்கு இறங்கியது. சைலன்சர் வாய் கறுத்தது. பின்னால் நின்றால் பச்சைப் பெட்ரோல் வாடை அடித்தது. மூன்று பட்டறைகள் ஏறினோம். முதல் இடத்தில் ப்ளக்கும் ஏர் ஃபில்டரும் மாற்றினார்கள். இரண்டாவது இடத்தில் இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். மூன்றாவது இடத்தில், "வயசாயிடுச்சு, என்ஜினைப் பிரிச்சுடலாம்" என்றார்கள். மாதம் 800 கிலோமீட்டர் ஓடும் வண்டி. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும், மாதம் சுமார் 3,550 ரூபாய் வீணாகப் புகையாய்ப் போயிருக்கிறது.

நாலாவதாகப் பார்த்தவர்தான் அந்த 24-ஐக் கண்டுபிடித்தார். சென்சாரின் கப்ளரைக் கழற்றினார். உள்ளே இரண்டு பின்களில் ஒன்றில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. கோளாறு மொத்தமும் அந்த ஒரு சிட்டிகைக் களிம்புதான்.

இந்தக் கட்டுரை அந்தக் களிம்பைப் பற்றியது. சாலையில் ஓடும் எத்தனையோ பழைய கார்களுக்குள் இதே மாதிரி ஒரு தவறான சேதி ஓடிக்கொண்டிருக்கிறது. என்ஜினுக்கு வயதாகிவிட்டது என்று நாம் முடிவு கட்டும் இடங்களில் பலமுறை அதற்குக் கிடைக்கும் தகவல்தான் கெட்டுப்போயிருக்கிறது.

ஊரைப் பார்க்காத கணக்குப்பிள்ளை

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். எடைக் கணக்கில், 1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று. இந்தப் பொருத்தத்தைவிடப் பெட்ரோல் கூடினால் மெக்கானிக்குகள் 'ரிச்' என்பார்கள், குறைந்தால் 'லீன்'. ரிச்சாக ஓடினால் மைலேஜ் போகும், ப்ளக் கரி பிடிக்கும், ஆயிலில் பெட்ரோல் கலக்கும். லீனாக ஓடினால் மிஸ்ஸிங் அடிக்கும், வண்டி இழுக்காது, வால்வு சூடேறும்.

கார்புரேட்டர் காலத்தில் இந்தப் பொருத்தத்தை ஜெட் என்ற சின்னத் துளைகளும் ஒரு ஸ்க்ரூவும் பார்த்துக்கொண்டன. மெக்கானிக் ஐட்லிங் சத்தத்தைக் காதால் கேட்டு ஸ்க்ரூவைத் திருகுவார். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சமவெளியைவிடக் கிட்டத்தட்டக் கால் பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது. மேட்டுப்பாளையத்தில் ஊற்றிய கணக்கிலேயே குன்னூரிலும் ஊற்றும். மலை ஏறும்போது பழைய வண்டிகள் கரும்புகை விட்டு மூச்சிரைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

எம்.பி.எஃப்.ஐ. என்று நாம் சொல்லும் முறையில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் உண்டு. அதைத் திறந்து மூடுவது ஈ.சி.யூ. என்ற கம்ப்யூட்டர். நாலு சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது, ஒரு விநாடிக்குள் 100 முறை பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். ஐட்லிங்கில் ஒரு பீய்ச்சல் என்பது பெரும்பாலும் 2, 3 மில்லி விநாடி. அதில் அரை மில்லி விநாடி கூடினாலே கணக்கு எங்கோ போய்விடும்.

இத்தனை நுட்பமாகக் கணக்குப் போடும் அந்தப் பெட்டிக்குக் கண் கிடையாது, காது கிடையாது. ஊரையே பார்க்காமல் கச்சேரியில் உட்கார்ந்து, வந்தவர்கள் சொல்வதை வைத்து வரி போடும் கணக்குப்பிள்ளை மாதிரி அது. காற்று எவ்வளவு வருகிறது, தண்ணீர் எவ்வளவு சூடு, ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறார்கள், என்ஜின் எந்தச் சுற்றில் இருக்கிறது, புகையில் ஆக்சிஜன் மிச்சமா என்ற ஐந்து சேதியும் ஐந்து பேர் மூலம் வரவேண்டும். சொல்பவர் பொய் சொன்னால் கணக்கும் பொய்யாகும். கணக்குப்பிள்ளை மேல் தப்பில்லை.

மூச்சுக்காற்றுக்காக வந்தவை

சென்சார்கள் காருக்குள் வந்த கதையை அறிந்தால் அவற்றின் மேல் ஒரு மரியாதை வரும். ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1967-இல் டி-ஜெட்ரானிக் என்ற எலெக்ட்ரானிக் இன்ஜெக்ஷன் முறையைக் கொண்டுவந்தது; முதலில் ஃபோக்ஸ்வாகன் 1600 கார்களில் அது ஓடியது. பெயரிலுள்ள 'டி' அழுத்தத்தைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. என்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளந்து பெட்ரோல் கணக்குப் போட்டது அது. அமெரிக்காவில், குறிப்பாகக் கலிஃபோர்னியாவில், புகைமூட்டத்தை எதிர்த்து வந்த கடும் சட்டங்கள் அதற்குப் பின்னால் இருந்த உந்துதல்.

1976-இல் இன்னொரு பெரிய அடி. புகைக்குழாயில் மிஞ்சும் ஆக்சிஜனை மோப்பம் பிடிக்கும் லாம்டா சென்சார், வால்வோ கார்களில் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு ஆகிய மூன்று நஞ்சையும் ஒரே டப்பாவில் முறிக்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டர், 14.7 என்ற அந்தப் பொருத்தத்தை ஒட்டி மட்டுமே மூன்றையும் ஒழுங்காக முறிக்கும். அந்தப் பொருத்தத்தை விநாடிக்கு விநாடி பிடித்து வைக்க ஒரு காவலாள் தேவைப்பட்டது. அந்தக் காவலாள்தான் ஆக்சிஜன் சென்சார்.

இந்தியாவிலும் மூச்சுக்காற்றுதான் இதைக் கொண்டுவந்தது. 1995-இல் நாலு பெருநகரங்களில் ஈயம் கலக்காத பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2000-இல் அது நாடு முழுவதற்கும் ஆனது. ஈயம் இருக்கும்வரை கன்வெர்ட்டரும் ஆக்சிஜன் சென்சாரும் பிழைக்க முடியாது என்பதால் இந்த மாற்றம்தான் எல்லாவற்றுக்கும் வாசல். சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1999 ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத்துப் புதிய தனியார் கார்களுக்கு அதே ஆண்டு ஜூன் முதல் யூரோ 1 புகை வரம்பு, அடுத்த ஏப்ரல் முதல் யூரோ 2 என்று கெடு வைத்தது. கார்புரேட்டர் கார்களின் காலம் அதோடு முடியத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் உருவாகத் தொடங்கிய சான்ட்ரோ முதல் நாளிலிருந்தே எம்.பி.எஃப்.ஐ. தான். 2000-இல் மாருதி 800-உம் அதற்கு மாறியது. பாரத் ஸ்டேஜ் 2 விதி 2005-இல் நாடு முழுவதும் வந்தது.

அந்தப் பத்தாண்டில் வாங்கிய கார்கள்தான் இன்றைய பழைய கார்கள். பதினைந்து வருட ஆர்.சி. முடிந்து புதுப்பித்து, இன்னும் குடும்பத்தைச் சுமக்கிறவை. இவற்றில் பலவற்றின் சென்சாரும் வயரிங்கும் கம்பெனியில் பூட்டியபடியே இருக்கின்றன.

காற்றை அளப்பவர்

அன்றைய சின்னக் கார்கள் பலவற்றில் இருப்பது மேப் சென்சார். இன்டேக் மேனிபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை அது அளக்கும். சாவியைத் திருப்பி என்ஜின் ஓடாமல் இருக்கையில் வெளிக்காற்றின் அழுத்தம், அதாவது சமவெளியில் சுமார் 100 கிலோபாஸ்கல் காட்டும். ஐட்லிங்கில் அது 30, 40-க்கு இறங்க வேண்டும். ஊட்டிக்குப் போனால் காற்று குறைவு என்பதும் இதற்குத் தெரியும். கார்புரேட்டர் தோற்ற மலையில் எம்.பி.எஃப்.ஐ. கரும்புகை விடாமல் ஏறுவது இதனால்தான்.

பல கார்களில் இந்தச் சென்சாருக்கு ஒரு ரப்பர் ஓஸ் போகும். இருபது வருட என்ஜின் சூட்டில் அது காய்ந்து வெடிக்கும். வெடித்த இடத்தில் வெளிக்காற்று நுழைந்தால் சென்சாருக்கு அழுத்தம் கூடுதலாகத் தெரியும். வண்டி பாரம் இழுக்கிறது, மேடு ஏறுகிறது என்று நினைத்து ஈ.சி.யூ. பெட்ரோலைக் கூட்டும். நிற்கிற வண்டி மேடு ஏறுகிற பெட்ரோலைக் குடிக்கும். விரலளவு ஓஸ் மாற்றினால் தீரும் விஷயம் இது.

வேறு சில கார்களில் இருப்பது மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார். சூடேற்றிய மெல்லிய கம்பி ஒன்று காற்றின் பாதையில் இருக்கும். காற்று அதைக் குளிர்விக்கும் அளவை வைத்துக் கணக்கு. மலிவு ஃபில்டர் வழியாக வந்த தூசி அந்தக் கம்பியில் படிந்தால் அது போர்வை போர்த்தியதுபோல ஆகிவிடும். வருகிற காற்றைக் குறைத்துச் சொல்லும், பெட்ரோல் குறையும், பிக்கப் போகும். இதற்கென்றே உள்ள ஸ்ப்ரேயால் சுத்தம் செய்யலாம். துணியோ பிரஷ்ஷோ படக்கூடாது.

மிதியும் சுற்றும்

ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்று சொல்வது த்ராட்டில் பொசிஷன் சென்சார். பழைய ரேடியோவின் வால்யூம் திருகு போலத்தான் உள்ளே. மூடியிருக்கையில் சுமார் அரை வோல்ட், முழுதாகத் திறந்தால் நாலரை வோல்ட் பக்கம். நகரப் போக்குவரத்தில் கால் எப்போதும் ஆரம்பக் கால்வாசி மிதியிலேயே கிடப்பதால் அந்த இடத்துப் பாதைதான் முதலில் தேயும். சிக்னலில் பச்சை விழுந்து காலை வைத்ததும் வண்டி ஒரு நொடி தயங்கி, பிறகு துள்ளினால் இங்கே சந்தேகம் வேண்டும். மல்டிமீட்டரை மாட்டிக்கொண்டு மெதுவாக மிதியைத் திறந்தால் வோல்ட் சீராக ஏற வேண்டும். நடுவில் ஓரிடத்தில் விழுந்து எழுந்தால் சென்சார் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

என்ஜின் எந்தச் சுற்றில் இருக்கிறது என்று சொல்வது க்ராங்க் சென்சார். சூடானதும் வண்டி ஓடும்போதே அணைந்து, ஓரமாக நிறுத்தி அரை மணி கழித்துத் தட்டினால் எதுவுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறதா? உள்ளே சுற்றியிருக்கும் மெல்லிய கம்பிச்சுருள் சூட்டில் விரிந்து தொடர்பு அறுந்து, ஆறியதும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். பெட்ரோல் பம்ப்பை மாற்றிவிட்டு, மறுநாளும் நடுரோட்டில் நிற்கிறவர்கள் பலர்.

புகையை மோப்பம் பிடிப்பவர்

இவர்களில் கடைசி ஆள் ஆக்சிஜன் சென்சார். மற்றவர்கள் சமைப்பதற்கு முன் அரிசி அளப்பவர்கள் என்றால் இவர் சமைத்ததை ருசி பார்ப்பவர். எரிந்து வெளியேறும் புகையில் ஆக்சிஜன் மிச்சமிருந்தால் 0.1 வோல்ட் பக்கம், இல்லாவிட்டால் 0.9 வோல்ட் பக்கம் காட்டுவார். நல்ல சென்சார் இந்த இரண்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டம்தான் உயிர். ஈ.சி.யூ. அதைப் பார்த்துப் பெட்ரோலைக் கொஞ்சம் குறைத்து, கொஞ்சம் கூட்டி, நடுப்பொருத்தத்தில் வைக்கிறது.

சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் இது வேலை செய்யும். பழைய கார்களில் ஒற்றை வயர் சென்சார்கள் புகையின் சூட்டையே நம்பியிருந்தன. பிறகு வந்த மூன்று, நாலு வயர் சென்சார்களில் உள்ளேயே ஹீட்டர் உண்டு. முதல் வகை 50,000 முதல் 80,000 கிலோமீட்டர், இரண்டாம் வகை ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் முன்பின் என்பது பொதுவான ஆயுள். வயதாகும்போது இது சட்டென்று சாவதில்லை. சோம்பலாகிறது. ஏறி இறங்குவது மந்தமாகிறது. எச்சரிக்கை விளக்கு எரியாமலே மைலேஜ் தேய்கிறது.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை உண்டு. ஒரு சிலிண்டரில் ப்ளக் தீப்பொறி விடாமல் மிஸ்ஸிங் அடிக்கிறது என்று வையுங்கள். எரியாத பெட்ரோலும் செலவாகாத ஆக்சிஜனும் சேர்ந்தே வெளியே வரும். சென்சாருக்குத் தெரிவது ஆக்சிஜன் மட்டும். "பெட்ரோல் போதவில்லை" என்று அது சேதி அனுப்பும், ஈ.சி.யூ. இன்னும் ஊற்றும். அந்தப் பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, உள்ளேயிருக்கும் தேன்கூட்டை உருக்கிவிடும். சைலன்சருக்கு முன்னால் குழாயில் சின்ன ஓட்டை இருந்து வெளிக்காற்று கலந்தாலும் இதே பொய்ச் சேதிதான் போகும். ஆக, 'ஆக்சிஜன் சென்சார் கோளாறு' என்று ஸ்கேனரில் வந்தால் சென்சாரே குற்றவாளி என்று அர்த்தமில்லை. அது பார்த்ததைச் சொல்லியிருக்கலாம். ஸ்கேனர் தருவது புகார் மனு. விசாரணை அதற்குப் பிறகுதான் தொடங்க வேண்டும்.

நாமே சொல்லிக்கொடுக்கும் பொய்கள்

சென்சார் தானாகக் கெடுவது ஒருபக்கம். நம் பட்டறைப் பழக்கங்கள் அவற்றைப் பொய் சொல்ல வைப்பது இன்னொரு பக்கம். இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

முதலாவது, தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது. "நம்ம ஊர் வெயிலுக்கு இது வேண்டாம் சார், ஓவர் ஹீட் ஆகும்" என்ற வாசகத்தைக் கேட்காத கார்க்காரர் இல்லை. 80 டிகிரியைத் தாண்டியதும் திறந்து, தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுவது அந்த வால்வு. அது இல்லாவிட்டால் நெடுஞ்சாலை வேகத்தில் என்ஜின் சரியான சூட்டை எட்டவே சிரமப்படும். டெம்பரேச்சர் சென்சார் உண்மையைத்தான் சொல்லும்: என்ஜின் சூடாகவில்லை. ஈ.சி.யூ. பெட்ரோலைக் கூட்டும். வெயிலுக்குப் பயந்து செய்த வேலை, வண்டியை நிரந்தரக் குளிர்காலத்தில் தள்ளிவிடுகிறது. ஓவர் ஹீட் ஆகிறது என்றால் அடைத்த ரேடியேட்டரையோ ஓடாத மின்விசிறியையோதான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, சென்சார் கப்ளரையே பிடுங்கி விடுவது. ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றினால் சில வண்டிகளில் ஐட்லிங் சீராவதுபோலத் தோன்றும். ருசி பார்ப்பவரை வெளியே அனுப்பிவிட்டுக் குத்துமதிப்பாகச் சமைப்பதுதான் அது. எப்போதும் கொஞ்சம் ரிச்சாகவே ஓடும்.

மூன்றாவது, பொருந்தாத சாமான். சென்னைப் புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய சென்சார் பல வீடுகளின் செலவைக் காப்பாற்றியிருக்கிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கப்ளர் பொருந்திவிட்டால் சென்சாரும் பொருந்திவிட்டது என்று அர்த்தமில்லை. வெளித்தோற்றம் ஒன்றாக இருந்து, உள்ளே ஓம் கணக்கு வேறாக இருக்கலாம். பாகத்தின் எண்ணை ஒத்துப் பார்க்காமல் பூட்டக்கூடாது.

முதுமையின் வேர்: எர்த்தும் கப்ளரும்

பழைய கார் என்பதால் வரும் தனி நோய் ஒன்று உண்டு. அது சென்சாரில் இல்லை, வயரில். எங்கள் காரில் நடந்தது அதுதான். டெம்பரேச்சர் சென்சாருக்குள் சூடு ஏற ஏறத் தடை குறையும் ஒரு பொருள் இருக்கிறது. அறைச் சூட்டில் சுமார் 2,000 ஓம் அல்லது அதற்கு மேல். 80 டிகிரிக்கு மேல் சுமார் 300 ஓம். பின்னில் படிந்த களிம்பு தன் பங்குக்கு 2,000 ஓம் சேர்த்துவிட்டால், கொதிக்கிற என்ஜினும் ஈ.சி.யூ. கண்ணுக்கு ஆறிப்போனதாகத்தான் தெரியும். மீட்டர் முள் சரியாகக் காட்டியதற்குக் காரணம், பல பழைய கார்களில் முள்ளுக்குத் தனிச் சென்சார், ஈ.சி.யூ.வுக்குத் தனிச் சென்சார். முள் நடுவில் நிற்பது வண்டிக்கு நற்சான்று ஆகாது.

அதேபோல எர்த். பேட்டரியின் நெகட்டிவிலிருந்து பாடிக்கும் என்ஜினுக்கும் போகும் பட்டை, இருபது மழைக்காலத்தைப் பார்த்திருக்கிறது. துரு ஏறினால் என்ஜினுக்கும் பேட்டரிக்கும் நடுவே 0.2 வோல்ட் வித்தியாசம் வரலாம். அது ஹெட்லைட்டுக்கு ஒன்றுமில்லை. ஆனால் மொத்தக் கதையையும் 0.1-க்கும் 0.9-க்கும் இடையில் சொல்லும் ஒற்றை வயர் ஆக்சிஜன் சென்சாருக்கு அது பெரிய பொய். என்ஜின் ஓடும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை என்ஜின் பிளாக்கிலும் வைத்துப் பாருங்கள். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கிப் பூட்ட வேண்டும். இதற்குச் சாமான் செலவே இல்லை.

புதுப் பெட்ரோல், பழைய வண்டி

இன்று பெட்ரோல் பங்க்குகளில் நாம் நிரப்புவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அது எரியக் குறைந்த காற்று போதும். அதனால் 14.7 என்ற பொருத்தம் சுமார் 13.5-க்கு இறங்குகிறது. அதாவது, அதே காற்றுக்குச் சுமார் 9 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். எத்தனாலில் சக்தியும் குறைவு. பழைய வகைப் பெட்ரோலுக்கென்று வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே மதிப்பிட்டது.

இந்த 9 சதவீதத்தை யார் சரிக்கட்டுவது? கார்புரேட்டரால் முடியாது; அது லீனாகவே ஓடும். எம்.பி.எஃப்.ஐ. காரில் ஆக்சிஜன் சென்சார் மிச்சத்தைப் பார்த்துச் சொல்ல, ஈ.சி.யூ. கூட்டிக்கொள்ளும். சென்சார் நன்றாக இருந்தால்தான் இது நடக்கும். நேற்றுவரை சோம்பலான சென்சாரோடு எப்படியோ ஓடிய வண்டி, இன்றைய பெட்ரோலில் திடீரென்று தயங்கினால் ஆச்சரியப்பட வேண்டாம். எத்தனால் பழைய ரப்பர் ஓஸ்களையும் சோதிக்கும் என்பதால் அவற்றையும் சேர்த்தே பார்த்துவிடுவது நல்லது. எத்தனாலால் குறைவது சில சதவீதம். மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

பட்டறைக்குப் போகுமுன்...

- காலையில் நன்றாக ஸ்டார்ட் ஆகி, சூடான பிறகும் பெட்ரோல் வாடை, கறுத்த சைலன்சர்: டெம்பரேச்சர் சென்சார், தெர்மோஸ்டாட், மேப் சென்சார் ஓஸ்.
- மிதித்ததும் ஒரு நொடி தயக்கம், பிறகு துள்ளல்: த்ராட்டில் சென்சார்.
- சூட்டில் அணைந்து, ஆறியதும் ஸ்டார்ட் ஆவது: க்ராங்க் சென்சார்.
- விளக்கு எரியாமல் மெல்ல மெல்ல மைலேஜ் தேய்வது: வயதான ஆக்சிஜன் சென்சார்.
- ஏ.சி., ஹெட்லைட் போட்டால் மட்டும் ஐட்லிங் ஆடுவது: எர்த், பேட்டரி, அழுக்கடைந்த த்ராட்டில் பாடி.
- புகைச் சான்றிதழைப் பார்க்காமல் மடித்து வைக்காதீர்கள். பாரத் ஸ்டேஜ் 2, 3 பெட்ரோல் கார்களுக்குக் கார்பன் மோனாக்சைடு வரம்பு 0.5 சதவீதம். போன முறையைவிட இந்த முறை ஏறியிருந்தால் வண்டி ரிச்சாக ஓடுகிறது என்று அந்தச் சீட்டே சொல்கிறது.
- 2010-க்கு முந்தைய கார்களில் போனோடு இணைக்கும் மலிவு ஸ்கேனர் எல்லாம் பேசும் என்று சொல்ல முடியாது. சில வண்டிகளில் செக் என்ஜின் விளக்கு எத்தனை முறை கண்சிமிட்டுகிறது என்று எண்ணித்தான் கோளாறு எண் படிக்க வேண்டும். அந்த வண்டியை அறிந்தவரிடம் போங்கள்.

கண்டுபிடிக்கவும் கூலி உண்டு

அந்த மெக்கானிக்கிடம் கேட்டேன். "அண்ணே, மூணு இடத்துல பார்த்தாங்க. ஏன் இது ஒருத்தர் கண்ணுலயும் படலை?"

களிம்பைச் சுத்தம் செய்துகொண்டே சொன்னார். "படாம இல்ல சார். பார்க்க நேரம் குடுக்கறது யாரு? ரெண்டு மணி நேரம் மீட்டர் வெச்சுப் பார்த்துட்டு, கப்ளர்தான் சார் கோளாறுன்னு சொன்னா, இதுக்கா இவ்வளவு கூலின்னு கேக்கறாங்க. ஆயிரம் ரூபா சாமான் மாத்துனா கேள்வி கேக்காம குடுக்கறாங்க. அப்ப அவன் சாமானைத்தானே மாத்துவான்?"

இந்தப் பதில்தான் என்னை இக்கட்டுரை எழுத வைத்தது. டாக்டர் மருந்தே எழுதாமல், "ஒன்றுமில்லை, போங்கள்" என்று சொன்னாலும் ஃபீஸ் கொடுக்கிறோம். அவர் படித்த படிப்புக்கும் செலவழித்த நேரத்துக்கும் அது. பட்டறையில் மட்டும் நாம் இரும்புக்குத்தான் காசு கொடுப்போம், புத்திக்குக் கொடுக்க மாட்டோம் என்று பிடிவாதமாக இருக்கிறோம். அதனால்தான் நல்ல சென்சார்கள் குப்பைக்குப் போகின்றன, நல்ல என்ஜின்கள் பிரிக்கப்படுகின்றன, ஓடவேண்டிய கார்கள் எடைக்குப் போகின்றன. அளந்து பார்க்காமல் மாற்றிய ஒவ்வொரு பாகமும் நம் பணம். அளந்து பார்க்காமல் எரித்த ஒவ்வொரு லிட்டரும் நம் பிள்ளைகள் இழுக்கும் மூச்சு.

பட்டறைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சாவிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு மல்டிமீட்டர் எப்போதும் இருக்கட்டும். உங்களிடம் தொழில் கற்கும் பையனுக்கு நட்டு கழற்றச் சொல்லிக்கொடுக்கும் அதே வாரத்தில் ஓம் பார்க்கவும் சொல்லிக்கொடுங்கள். கார் வைத்திருப்பவர்கள் அடுத்த முறை, "எதை மாற்றணும்?" என்று கேட்பதற்கு முன், "என்ன அளந்தீங்க, எவ்வளவு காட்டுச்சு?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்பவரிடம் வண்டியை விடுங்கள். அவர் கேட்கும் கூலியைக் கொடுங்கள்.

எங்கள் காருக்குப் புது சென்சார் வாங்கவில்லை. பின்னைச் சுத்தம் செய்து, கப்ளர் தலையை மட்டும் மாற்றினார். மறுபடி ஸ்கேனரைச் செருகினார். திரையில் 24 இல்லை. 70, 78, 85 என்று ஏறி, 88-இல் நின்றது. கொஞ்ச நேரத்தில் ஐட்லிங் சத்தம் தானாகத் தணிந்தது. தனக்குச் சூடாகிவிட்டது என்று அந்த வண்டிக்கு ஒரு வருடம் கழித்து அன்றுதான் தெரிந்தது.

கப்ளருக்குச் சில நூறு. இரண்டு மணி நேரம் பார்த்ததற்கு அதைவிடக் கூடுதல். சீட்டில் அவர் அதைத் தனி வரியாக எழுதியிருந்தார்: 'செக்கிங் கூலி'. அந்தச் சீட்டை வண்டியின் ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.